மதுரை பெரியாஸ்பத்திரியும் அதைச் சுற்றியவையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் வீடு, அவ்வளவுதான். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம் என்பதால் அங்கே யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும், "பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றோம், கொஞ்சம் வந்து நில்லுங்க" என்று போன் வந்துவிடும். நின்று நின்று, அங்கே யார் யார், எது ஏன் அப்படி நடக்கிறது என்பது ஓரளவு பிடிபட்டது. எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் போனில் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

பெரியாஸ்பத்திரி, ராஜாஜி, எர்ஸ்கின், மெடிக்கல் காலேஜ்: எல்லாம் ஒன்றுதானா?

முதல் மூன்றும் ஒன்றுதான். சென்னை மாகாண ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயரில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் பிற்பாடு ராஜாஜி பெயரை வைத்தார்கள். அரசுத் தாள்களில் 'அரசு இராசாசி மருத்துவமனை' என்று இருக்கும். எழுபது வயதைத் தாண்டியவர்கள் சிலர் இன்னமும் எர்ஸ்கின் என்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் 'பெரியாஸ்பத்திரி' என்றால் போதும்.

மெடிக்கல் காலேஜ் 1954-ல் தொடங்கியது. காலேஜ் தனி, ஆஸ்பத்திரி தனி என்று நினைக்க வேண்டாம். வார்டில் உங்களைப் பார்க்கும் பெரிய டாக்டர்தான் காலேஜில் பேராசிரியர். இரண்டுக்கும் தலைவர் ஒருவரே, அவரைத்தான் 'டீன்' என்கிறார்கள். நர்சிங் படிப்பவர்கள், மருந்தாளுநர் படிப்பு படிப்பவர்கள், லேப் டெக்னீசியன் பயிற்சியில் இருப்பவர்கள் எல்லாரும் இதே வளாகத்துக்குள்தான் சுற்றிக்கொண்டிருப்பார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட எல்லாரும் டாக்டர் இல்லை என்பதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

ஐந்து பேர் மாறி மாறி வந்து அதே கேள்வியையே கேட்கிறார்களே, ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் படிக்க மாட்டாரா?

எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் வருகிறவர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். மாணவர். சின்னப் பையனாகவோ பெண்ணாகவோ, கையில் நோட்டோடு இருப்பார். அவர் மருந்து எழுத மாட்டார், கேட்டுக் கற்றுக்கொள்ள வந்தவர். அடுத்தது ஹவுஸ் சர்ஜன். நாலரை வருடப் படிப்பை முடித்துவிட்டு ஒரு வருடம் கட்டாயப் பயிற்சியில் இருப்பவர். ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது, ஸ்கேனுக்கு ஓடுவது எல்லாம் இவர் தலையில். அதற்கு மேலே 'பிஜி' என்று சொல்லப்படும் மேற்படிப்பு டாக்டர். இவர் ஏற்கெனவே முழு டாக்டர், இப்போது ஒரு துறையில் மூன்று வருடம் படிக்கிறார். உண்மையில் வார்டை ஓட்டுவது இவர்கள்தான். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் ஓடி வருவதும் பிஜிதான். அப்புறம் உதவிப் பேராசிரியர். எல்லாருக்கும் மேலே 'சீஃப்'. காலையில் சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது பின்னால் பத்துப் பேர் வருவார்கள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் முடிவுகள் எடுக்கப்படும், ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்கான சரக்கு, முன்னால் வந்த நான்கு பேர் கேட்டு எழுதியது.

சரி, ஏன் திரும்பத் திரும்ப? ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் பெரியம்மாவைக் கால் புண்ணோடு சேர்த்திருந்தோம். "சுகர் இருக்கா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள், இரண்டு பேரிடமும் "இல்லை" என்றார். மூன்றாவதாக வந்தது ஒரு மாணவி. அவசரமில்லாமல் கட்டில் ஓரத்தில் நின்று, "பாட்டி, தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டது. பெரியம்மா சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். சுகர் மாத்திரை! "இது கால் மரமரப்புக்குன்னு ஊர்ல கொடுத்தாங்கம்மா." அந்தப் பெண் அட்டையோடு பிஜியைத் தேடி ஓடியதை நான் பார்த்தேன். அன்று ராத்திரியே சிகிச்சை மாறியது.

நேரம் இருக்கிறவர் மாணவர் மட்டும்தான். அதனால் அவர் கேட்கும்போது எரிந்து விழாமல், முழுதாகச் சொல்லுங்கள்.

அப்போ நம்மை வைத்துத்தான் பழகிப் பார்க்கிறார்களா?

பழகாமல் டாக்டர் எப்படி உருவாவார்? தனியார் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஆபரேஷன் செய்யும் அனுபவசாலியும் இப்படி எங்காவது ஒரு வார்டில் கட்டில் கட்டிலாக நின்று கற்றவர்தான். கத்தி பிடிக்கிற வேலையில் மேலே ஒருவர் மேற்பார்வைக்கு இருப்பார், படிக்கிற பிள்ளையிடம் தனியாக விட்டுவிட மாட்டார்கள்.

ஆனால் மாணவர்கள் கூட்டமாக உங்களைப் பரிசோதிப்பது பிடிக்கவில்லை என்றால் "வேண்டாம்ப்பா" என்று சொல்லலாம். அதனால் சிகிச்சை நின்றுவிடாது. பெண்களை ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கூச்சப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

ஓபிக்கு (வெளிநோயாளிப் பிரிவுக்கு) எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

காலையில். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மதியத்துக்கு மேல் வந்து நின்றால் அவசரப் பிரிவைத் தவிர வேறு வழி இருக்காது. ராமநாதபுரம், தேனி, சிவகங்கைப் பக்கமிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து விடுங்கள். பழைய சீட்டு, எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். மாத்திரைப் பெயர் தெரியவில்லை என்றால் அட்டையையே கொண்டு வாருங்கள், பெரியம்மா கதை ஞாபகமிருக்கட்டும்.

ரோட்டில் அடிபட்டால்?

108-க்குப் போன் செய்யுங்கள். எங்கே கொண்டு போவது என்று ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் தெரியும். விபத்துப் பிரிவு பிரதான கட்டடத்தில் இல்லை, அண்ணா பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வளாகத்தில் இருக்கிறது. சொந்த வண்டியில் கொண்டு போகிறவர்கள் பனகல் ரோட்டுப் பெரிய வாசலில் நுழைந்து, திரும்ப வெளியே வந்து, நெரிசலில் மாட்டி நேரத்தைத் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு செய்யும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். காப்பீட்டு அட்டை கையில் இல்லையே என்று அந்த நேரத்தில் யாரும் வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

கண்ணுக்கு எங்கே போவது, பெரியாஸ்பத்திரியா, அரவிந்தா?

இரண்டிலும் பார்ப்பார்கள். ஆனால் இந்த இரண்டுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது.

அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி எட்டயபுரம் அருகே வடமலாபுரத்துக்காரர். பிரசவ மருத்துவராக ஆசைப்பட்டவர். ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது முடக்குவாதம் வந்து விரல்களெல்லாம் கோணிப்போயின. அந்த விரல்களோடுதான் கண் அறுவை கற்றார். 1956-லிருந்து சுமார் இருபது வருடம் மதுரை மெடிக்கல் காலேஜில் கண் மருத்துவத் துறைத் தலைவர், எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர். ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தும் பழக்கமும் அப்போதே தொடங்கியது. 1976-ல் 58 வயதில் ஓய்வு பெற்றதும் அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கூட நின்றவர்கள் அவருடைய தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி போன்ற குடும்பத்துக் கண் டாக்டர்கள். அதாவது, பெரியாஸ்பத்திரி வார்டில் முளைத்த நாற்றுதான் அண்ணா நகரில் நடப்பட்டது.

அங்கேயும் வைத்தியம், படிப்பு, ஆராய்ச்சி மூன்றும் சேர்ந்தே வளர்ந்தன. கண்புரை எடுத்த பிறகு உள்ளே வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஏழைக்கு எட்டாத விலை. அதனால் புரையை எடுத்துவிட்டு, சோடாபுட்டி போலத் தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் தாத்தா அதைத்தான் போட்டிருந்தார், கழற்றினால் எதிரே நிற்பவர் யாரென்று தெரியாது. 1992-ல் ஆரோலேப் என்று தனியாக ஒன்றை ஆரம்பித்து லென்ஸை மதுரையிலேயே செய்யத் தொடங்கியதும் விலை சரசரவென்று இறங்கியது. இன்று இலவசப் பிரிவில் ஆபரேஷன் செய்துகொள்ளும் பாட்டிக்கும் உள்ளே லென்ஸ் இருக்கிறது என்றால் காரணம் அதுதான். கண் ஆராய்ச்சிக்கென்று தனி நிறுவனமும் 2008-லிருந்து டாக்டர் வெங்கடசாமி பெயரில் இயங்குகிறது.

இலவசப் பிரிவில் பார்த்தால் வைத்தியம் மட்டமாக இருக்குமா?

அரவிந்தில் டாக்டர்கள் இரண்டு பிரிவுக்கும் மாறி மாறிப் போவார்கள். பணம் கட்டும் இடத்தில் ஏசி, தனி அறை கிடைக்கும். இலவசப் பிரிவில் பாய். கண்ணில் செய்கிற வேலை ஒன்றுதான்.

ஆராய்ச்சியில் சேரச் சொல்லி ஒரு படிவம் நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போடலாமா? சோதனை எலியாக்கி விடுவார்களா?

பயப்படுவது நியாயம்தான். படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் தப்பு.

முதலில், எல்லா ஆராய்ச்சியும் புது மருந்தை உடம்பில் ஏற்றுவது இல்லை. பாதிக்கு மேல், கூடுதலாக ஒரு குப்பி ரத்தம் எடுப்பது, சில கேள்விகள் கேட்பது, ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்வது என்ற அளவில்தான் நான் பார்த்திருக்கிறேன்.

மருந்தை வைத்து நடக்கும் ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. கதிர் அறுக்கும்போது, களத்தில் தூற்றும்போது கண்ணில் நெல் உமியோ சோளத் தட்டையோ குத்திவிடும். இரண்டு நாளில் கண் சிவந்து, கருவிழியில் வெள்ளையாகப் புண் வரும். இங்கே அந்தப் புண்ணில் பாதிக்குக் காரணம் பூஞ்சை, அதாவது காளான் இனம். அதற்கு நாடாமைசின் என்று ஒரு பழைய சொட்டு மருந்து உண்டு. பிறகு வோரிகோனசோல் என்று புதியது வந்தது, விலையும் அதிகம். புதுசு என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று டாக்டர்களே பலர் அதற்கு மாறினார்கள். எது உண்மையில் நல்லது என்று பார்க்க, அரவிந்த் ஆஸ்பத்திரிகளும் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 323 பேரிடம் ஆராய்ந்தார்கள். யாருக்கு எந்தச் சொட்டு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானித்தார்கள். கொடுக்கிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. 2013-ல் முடிவு வெளிவந்தது: பழைய, விலை குறைந்த நாடாமைசின்தான் மேல். கண்ணில் ஓட்டை விழுவதும் அதில் குறைவு. வயல்காட்டுப் புண்ணில் அதிகம் தென்படும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சைக்கு வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. உலகத்துக் கண் டாக்டர்களெல்லாம் இப்போது அந்த முடிவைப் பார்த்துத்தான் மருந்து எழுதுகிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பது படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த நம் பக்கத்து ஆட்கள்.

(இடையில் ஒன்று: கண்ணில் உமி விழுந்தால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைக்குத் தீனி போட்ட மாதிரி.)

சரி, கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை. படிவம் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஒரு சாட்சியை வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு பிரதி உங்கள் கையில் தர வேண்டும். "எனக்கு வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியத்தை விட்டுவிட்டு இதைத் தருகிறீர்களா, அதோடு சேர்த்துத் தருகிறீர்களா?" என்று கேளுங்கள், முக்கியமான கேள்வி அதுதான். ஆராய்ச்சி மருந்தால் உடம்புக்கு ஏதாவது வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். சட்டப்படி அந்தச் சிகிச்சையை அவர்கள்தான் இலவசமாகத் தர வேண்டும். ஒவ்வொரு ஆராய்ச்சியையும் முதலில் ஒரு நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர் அல்லாத ஆட்களும் இருப்பார்கள். அதைத் தொடர்புகொள்ளும் விவரம் படிவத்திலேயே இருக்கும். பாதியில் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். "வீட்டில் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றால் அதற்கு முகம் சுளிப்பவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து.

வேறு என்ன ஆராய்ச்சி மதுரையில் நடந்திருக்கிறது?

காசநோய் வந்தால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்று இருந்தது ஒரு காலம். தோப்பூர், ஆஸ்டின்பட்டி ஆஸ்பத்திரியெல்லாம் அந்தக் காலத்து ஏற்பாடு. வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் குணமாகும், வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் ஆபத்து கூடுவதில்லை என்று காட்டியது, 1956-ல் சென்னையில் தொடங்கிய மையம். உலகமே அதைப் பின்பற்றியது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் மதுரைக் கிளை பல ஆண்டுகளாகப் பெரியாஸ்பத்திரி வளாகத்தில் இயங்குகிறது. இருமலோடு போனவரை அங்கே அனுப்பினால் பயப்பட வேண்டாம்.

கொசு ஆராய்ச்சியும் உண்டு. 1980-களில் சின்னச் சொக்கிகுளத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்று ஒரு மையம் அமைத்தது. மூளைக்காய்ச்சல் பரப்பும் ஒரு வகைக் கொசு நெல் வயலில் தேங்கும் தண்ணீரில்தான் பெருகுகிறது. தண்ணீரை எப்போதும் நிறுத்தி வைக்காமல் காய விட்டுக் காய விட்டுப் பாய்ச்சினால் கொசு குறையுமா என்று மதுரைப் பக்கத்து வயல்களிலேயே இறங்கிப் பார்த்தார்கள். கொசு குறைந்தது. ஆனால் மடை திறப்பதும் அடைப்பதும் நம் கையில் மட்டும் இல்லை என்பது விவசாயம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தோப்பூர் எய்ம்ஸுக்கு நேராகப் போய்விடலாமா?

கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அடிக்கல் 2019 ஜனவரி 27-ல் நாட்டினார்கள். முதல் அணி மாணவர்கள் 50 பேர் 2022-ல் படிப்பைத் தொடங்கியதோ ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். காலேஜ் ஒரு மாவட்டத்தில், அதன் இடம் இன்னொரு மாவட்டத்தில்! உங்களுக்கு வேண்டிய பிரிவு திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் நோயாளியை வண்டியில் ஏற்ற வேண்டாம். இன்னொன்று, 'தோப்பூர் ஆஸ்பத்திரி' என்றால் பஸ்காரர்கள் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியைத்தான் நினைப்பார்கள்.

என் மகளை மதுரை மெடிக்கல் காலேஜில் படிக்க வைக்க முடியுமா?

எம்.பி.பி.எஸ்ஸுக்கு நீட் மதிப்பெண்தான் வழி. மதுரையில் 250 இடங்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு 2020-லிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல மறக்காதீர்கள். எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம். நர்சிங், பி.பார்ம்., லேப், எக்ஸ்ரே என்று இந்த வளாகத்திலேயே பல படிப்புகள் உண்டு. அரவிந்தில் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து வேலையும் தருகிறார்கள். அங்கே நம் கண்ணைச் சோதித்து, சொட்டு விட்டு, ஆபரேஷன் அறையில் கருவி எடுத்துக் கொடுக்கும் பெண்களெல்லாம் அப்படி வந்தவர்கள்தான்.

அப்பா உடலைக் காலேஜுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். எப்படி?

உயிரோடு இருக்கும்போதே உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. ஆனால் முடிவு வீட்டில் இருப்பவர்கள் கையில்தான். இறந்த பிறகு அவர்கள் சம்மதிக்காவிட்டால் யாரும் வந்து எடுக்க மாட்டார்கள். அதனால் அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். கடைசி நேரத்தில் பங்காளி ஒருவர் "காரியம் பண்ணாம எப்படி?" என்று நின்றால் அங்கே வைத்துப் பஞ்சாயத்துப் பேச முடியாது. விபத்து, தற்கொலை போன்ற போலீஸ் கேஸ் என்றால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கண் தானம் தனி. அதற்கு முன்பதிவுகூட அவசியமில்லை. ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டும். அதுவரை இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி வையுங்கள். சுகர் இருந்தவர், கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் செய்தவர் எல்லாரும் கொடுக்கலாம். வீட்டுக்கே வந்து எடுப்பார்கள், முகம் விகாரமாகாது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன வாங்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் சம்மரி. என்ன நோய், என்ன செய்தார்கள், என்ன மருந்து, அடுத்து எப்போது வர வேண்டும், எந்த யூனிட்டில் (ஒரு சீஃபுக்குக் கீழே வேலை பார்க்கும் டாக்டர் குழுவில்) பார்த்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். யூனிட்டுக்கு ஓபி நாள் தனித்தனி. செவ்வாய்க்கிழமை யூனிட்டில் பார்த்தவர் வியாழக்கிழமை போய் நின்றால் புது டாக்டர், புதுக் கதை.

சில வருடத்துக்கு முன் என் சித்தப்பாவை ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே மாற்றினோம். அங்கே ஒரு வாரம் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. "பில்லு பாக்கி இருக்கு, கட்டிட்டு வாங்கிக்கோங்க" என்றார்கள். இங்கே பிஜி டாக்டர் எங்களிடம் கேட்க, நாங்கள் அவரைப் பார்க்க, ஸ்கேனிலிருந்து எல்லாம் முதலிலிருந்து எடுத்தார்கள், ஒன்றரை நாள் போனது. அதிலிருந்து யாருக்காகப் போய் நின்றாலும் சம்மரியைக் கையில் வாங்கி, போனில் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏற்றுகிறேன். பெரியம்மாவின் சுருக்குப்பையிலும் இப்போது மாத்திரை அட்டையோடு மடித்த தாள் ஒன்று இருக்கிறது, வெற்றிலைக் கறையோடு.